விறகுக் கொதிகலனும் வெந்நீர்த் தொட்டியும்

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமாகக் காலங்கழிக்கும் மலேசிய, சிங்கை மக்களுக்கு, வீட்டைச் சூடாக்குவதற்கென்றே ஒரு பொறி வேண்டும் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவீடன் முதலிய நாடுகளில் சனவரித் திங்களில் வெளியே நீர் உறைந்து கிடக்கும்; அப்போது வீட்டினுள் சூடு இல்லையெனில் மக்கள் நடுங்குவது மட்டுமன்று, சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களும் உறைந்து வெடித்துவிடும். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடுமென ஏறியபின், காடுகளை அடுத்து வாழ்ந்த பலர் மீண்டும் விறகை நாடினர். வீட்டின் நிலவறையில் ஒரு கொதிகலனை வைத்து, அதில் விறகெரித்து நீரைச் சூடாக்குவர். அந்த வெந்நீர் குழாய் வழியே அறைதோறும் சென்று, சுவரோரம் நிறுத்திய ரேடியேட்டர் தகடுகளிலோ, தரைக்கடியில் பதித்த குழாய்களிலோ தன் வெப்பத்தை விட்டுவிட்டு, ஆறித் திரும்பி வரும்.

இத்தகைய அமைப்பை வாங்குவோர், கொதிகலனின் பெயர், விலை, ஆற்றல் ஆகியவற்றைத் துருவித் துருவி ஆராய்வர். அதன் பக்கத்தில் நிற்கவேண்டிய வெந்நீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்டாலோ, "அது வெறும் இரும்புப் பீப்பாய்தானே!" என்பர். ஆயின், குளிர்காலத்தில் அவ்வீட்டார் நள்ளிரவில் எழுந்து விறகிட வேண்டுமா, அன்றி விடியுமளவும் உறங்கலாமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தப் பீப்பாய்தான்.

ஏன் தொட்டி வேண்டும்? இதற்கு விடை விறகுத் தீயின் இயல்பில் இருக்கிறது. எரிவாயு அடுப்பின் திருகைத் திருப்பினால் தீ தணியும், மூடினால் அணையும். விறகுத் தீயோ, ஒருமுறை பற்றிக்கொண்டால் தன்போக்கில் எரிந்து தீரவேண்டும். காற்றைக் குறைத்து அதனை அடக்க முயன்றால், விறகிலிருந்து வெளிப்படும் ஆவிகள் எரிவதற்கு வேண்டிய வெப்பமும் காற்றும் இன்றிப் புகையாக வெளியேறிவிடும். தோட்டங்களில் ரப்பர்த் தகடுகளுக்குப் புகையூட்டிய கூடங்களைக் கண்டவர்க்கு இது தெரிந்த செய்தியே. அங்கு வேண்டியது புகை. ஆகவே தீயை அடக்கி வைத்தனர். வீட்டுக் கொதிகலனில் அதே புகை விறகின் ஆற்றலில் ஒரு பகுதியை வீணாக வெளியே கொண்டுபோகிறது. புகைபோக்கியின் உட்சுவரில் தாராகப் படிந்து, என்றேனும் ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொண்டு கூரைக்குத் தீயாக முடிகிறது. தெருவில் உள்ளோரின் நுரையீரலில் நுண்துகளாகவும் புகுகிறது. எனவே விறகை எரித்தால் முழு வேகத்தில் எரிக்கவேண்டும் என்பது இன்றைய பொறியாளரின் முதல் விதி.

வீட்டின் தேவையோ வேறு வகையானது. நடுத்தரமான ஒரு வீடு, குளிர் மிகுந்த நாளொன்றில் ஏறத்தாழ 6 கிலோவாட் அளவில் இரவும் பகலும் ஒரே சீராக வெப்பத்தைக் கேட்கிறது எனக் கொள்வோம். அங்குள்ள கொதிகலன் எரியும்போது 25 கிலோவாட் தரும். தீ ஐந்து மணி நேரத்தில் கொட்டிக் கொடுப்பதை, வீடு ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ள விரும்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை ஏரியில் தேக்கித் தை வரையில் நெற்பயிருக்குப் பாய்ச்சிய நம் முன்னோர்க்கு இந்தச் சிக்கலும் புதிதன்று, தீர்வும் புதிதன்று. அங்கே தேக்கியது நீரை. இங்கே தேக்குவது நீரில் ஏறிய வெப்பத்தை.

வெப்பத்தைத் தேக்க நீரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் மலிவு மட்டுமன்று. 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயிற்றிய ஜோசப் பிளாக் என்பார், வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்பதையும், ஒரே அளவு வெப்பம் வெவ்வேறு பொருள்களை வெவ்வேறு அளவிற்குச் சூடாக்கும் என்பதையும் தெளிவாக்கினார். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். ஒரு கிலோ இரும்புக்கு 0.45 கிலோஜூலே போதும். "இரும்பு கனமானதாயிற்றே, எடையை விட்டு இடத்தை வைத்துப் பார்த்தால்?" என்று அறிவுள்ள மாணவன் கேட்கக்கூடும். ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும் இரும்பு 7.87 கிலோ, அதனை ஒரு பாகை சூடேற்ற ஏறத்தாழ 3.5 கிலோஜூல். அப்பொழுதும் நீரே மிகுதியாக வாங்கிக்கொள்கிறது! வீட்டுக் கணக்குக்கு வேண்டிய எண் ஒன்றே: 1,000 லிட்டர் நீர் ஒரு பாகை ஏறும்போது 1.16 கிலோவாட் மணி வெப்பத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது.

இனித் தொட்டியின் அளவை நோக்குவோம். ஜெர்மனியில் 2010ஆம் ஆண்டு மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று, கையால் விறகிடும் கொதிகலனுக்கு, விறகு நிரப்பும் அறையின் ஒவ்வொரு லிட்டருக்கும் 12 லிட்டர் தொட்டி வேண்டும் என்கிறது. எப்படியாயினும் கொதிகலனின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 55 லிட்டருக்குக் குறையக்கூடாது. தானே எரிபொருளை ஊட்டிக்கொள்ளும் பொறிகளுக்குக் கிலோவாட்டுக்கு 20 லிட்டர் போதும் என்று விட்டிருக்கிறார்கள். அவை தீயைத் தாமே ஓரளவு குறைத்துக்கொள்ள வல்லவை. நாம் எடுத்துக்கொண்ட 25 கிலோவாட் கொதிகலனின் விறகறை 120 லிட்டர் என்றால், முதற்கணக்கில் 1,440 லிட்டர், இரண்டாம் கணக்கில் 1,375 லிட்டர். கடைக்காரர் 1,500 லிட்டர்த் தொட்டியைக் காட்டுவார். வாங்குபவரும் சட்டம் நிறைவேறியது என்று மனநிறைவோடு திரும்புவார்.

சட்டம் நிறைவேறலாம், வீடு நிறைவடையுமா என்பதே கேள்வி. அந்த விறகறையில் நன்கு உலர்ந்த பீச்சு மர விறகு ஏறத்தாழ 36 கிலோ கொள்ளும். உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி தரும். நல்ல கொதிகலன் அதில் பத்தில் ஒன்பது பங்கை நீருக்கு மாற்றும். ஆக, ஒரு முறை நிரப்பினால் 130 கிலோவாட் மணி. அது எரிய ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகும். அந்நேரத்தில் வீடு 30 கிலோவாட் மணியை வாங்கிக்கொள்ளும். மிச்சம் 100 கிலோவாட் மணி தொட்டிக்குள் போயாக வேண்டும். 1,500 லிட்டர்த் தொட்டி பாகைக்கு 1.74 கிலோவாட் மணி கொள்வதால், 100 கிலோவாட் மணியைக் கொள்ள அதன் நீர் 57 பாகை ஏறவேண்டும்.

தரைக்கடியில் குழாய் பதித்த வீடாயின் கவலையில்லை. தரை பெரிய பரப்பு. 35 பாகை நீரே அதற்குப் போதும். அந்நீர் ஏறத்தாழ 30 பாகையில் திரும்பி வரும். 30 பாகையிலிருந்து 57 பாகை ஏறினால் 87 பாகை. தொட்டி சரியாக நிரம்புகிறது. பின்னர் அணைந்த கொதிகலனோடு வீடு 16 மணி நேரத்துக்கு மேல் சூடாக இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை தீமூட்டினால் போதும்.

பழைய வீடாகவும் சிறிய ரேடியேட்டர்கள் உள்ளதாகவும் இருந்தாலோ நிலை வேறு. 60 பாகைக்குக் குறைந்த நீர் அவற்றுக்கு உதவாது. திரும்பி வரும் நீரே 50 பாகையில் வரும். ஆகவே தொட்டியின் அடியில் 50 பாகைக்குக் கீழ் நீர் கிடைப்பதில்லை. 50லிருந்து 85 வரை 35 பாகை; அதாவது 61 கிலோவாட் மணியே கொள்ளும். மிச்சமான 39 எங்கே போகும்? தீ மூன்று மணி நேரம் எரிந்ததும் தொட்டி நிரம்பிவிடும். விறகறையில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு விறகு இருக்கும். கொதிகலன் காற்றை அடைத்துக்கொள்ளும். எந்தப் புகைக்கு அஞ்சித் தொட்டி வாங்கினாரோ அதே புகை மீண்டும் எழும். இவ்வீட்டுக்கு வேண்டியது 1,500 அன்று, ஏறத்தாழ 2,500 லிட்டர்.

எனவே ஒரு தொட்டியின் கொள்ளளவு லிட்டரில் மட்டும் இல்லை. அது மேலே ஏறும் வெப்பநிலைக்கும் வீட்டிலிருந்து திரும்பி வரும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. தொட்டி வாங்கப் புறப்படுபவர் முதலில் நோக்கவேண்டியது கடைப் பட்டியலை அன்று, தம் வீட்டு ரேடியேட்டர்களை. சில வேளைகளில் ஆயிரம் லிட்டர் கூடுதலாக வாங்குவதைக் காட்டிலும், இரண்டு மூன்று அறைகளில் பெரிய ரேடியேட்டர்களை மாற்றுவதும், கூரைக்கடியில் வெப்பத்தடைப் பஞ்சு இடுவதும் மலிவாக முடியும். திரும்பும் நீர் பத்துப் பாகை குறைந்தால், உள்ள தொட்டியே பெரிதாகிவிடுகிறது.

மேற்கண்ட கணக்கு உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தொட்டிக்குள் சூடான நீரும் ஆறிய நீரும் கலக்கக்கூடாது. 85 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 969 கிராம். 50 பாகையில் 988 கிராம். இந்த 19 கிராம் வேறுபாட்டினால் சூடான நீர் மேலே மிதந்து, ஆறிய நீர் அடியில் தங்குகிறது. வகுப்பறையில் இதனை எளிதாகக் காட்டலாம். உயரமான கண்ணாடிக் குவளையில் பாதியளவு குளிர்ந்த நீர் ஊற்றி, வண்ணங்கலந்த வெந்நீரைக் கரண்டியின் முதுகில் படும்படி மெல்ல வார்த்தால், வண்ணநீர் மேலே தனி அடுக்காக நிற்கும். அதையே உயரத்திலிருந்து சடக்கென்று ஊற்றினால் குவளை முழுதும் வெளிறிய ஒரே நிறமாகும். தொட்டியிலும் அதுவே நிகழ்கிறது. அடுக்கு கலையாத தொட்டி, கடைசி வாளி வரையில் மேலே 85 பாகை நீரையே தரும். கலந்துவிட்ட தொட்டியிலோ மொத்த நீரும் 60 பாகைக்கு இறங்கியவுடன் வேலை முடிந்தது. 61 கிலோவாட் மணிக்குப் பதில் 44 கிலோவாட் மணியே கைக்கு வரும். வெப்பம் எங்கும் ஓடிவிடவில்லை. உள்ளேதான் இருக்கிறது, ஆனால் பயன்படாத வெப்பநிலையில்.

ஆதலால் தொட்டி ஒல்லியாகவும் உயரமாகவும் இருப்பது நன்று. நீர் உள்ளே பாயும் வாய் அகலமாகவும் பாய்ச்சல் மெதுவாகவும் இருக்கவேண்டும். இடமிருந்தால் ஒரே பெரிய தொட்டி நன்று. இரண்டு மூன்றாகப் பிரித்தால் வெளிப்பரப்பு மிகும், வெப்பம் கசிவதும் மிகும். ஆயினும் சுவீடனில் 750 லிட்டர்த் தொட்டிகளை இரண்டு மூன்றாக அடுத்தடுத்து நிறுத்துவது பெருவழக்கு. காரணம் பௌதிகம் அன்று, கதவு! 1,000 லிட்டர் வரையுள்ள தொட்டிகள் பலவற்றை 79 சென்டிமீட்டர் விட்டத்தில் செய்வதும் 80 சென்டிமீட்டர் கதவில் நுழைவதற்காகத்தான். வெப்பத்தடைப் போர்வையை உள்ளே கொண்டுபோன பிறகு சுற்றுவார்கள். படுக்கவைத்துக் கொண்டுபோன தொட்டியை நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கூரையில் இடிக்குமா என்பதையும் அளந்து பார்க்கவேண்டும். இதை மறந்தவர்களின் தொட்டி முற்றத்தில் மழையில் நிற்கும்.

கொதிகலனுக்கும் தொட்டிக்கும் இடையில் உள்ள ஒரு சிறு கருவியும் தொட்டியோடு சேர்த்தே தேரத்தக்கது. 30 பாகை நீர் நேரே கொதிகலனுக்குள் புகுந்தால், அதன் இரும்புச் சுவரில் புகையின் ஈரம் படிந்து, தாரும் அமிலமுமாக இரும்பை அரித்துவிடும். ஆகவே கொதிகலனின் சொந்த வெந்நீரில் சிறிதைத் திரும்பும் நீரோடு கலந்து, ஏறத்தாழ 60 பாகைக்குக் குறையாமல் உள்ளே விடும் கலப்பு வால்வு ஒன்றை வைப்பர். சுவீடனில் லாடோமாட் என்னும் பெயரில் விற்கப்படுவது இவ்வகையினது. இது பாய்ச்சலை மெதுவாக்கித் தொட்டியின் அடுக்கையும் காக்கிறது.

மின்சாரம் நின்றுபோனால் பம்பு நிற்கும், தீ நிற்காது. இந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு கொதிகல அறையின் சுவரிலும் எழுதி வைக்கலாம். சூடான நீர் தானே மேலெழும் இயல்பினால் பம்பு இன்றியும் நீர் ஓரளவு சுழலும். ஆனால் தொட்டி கொதிகலனின் மட்டத்திலோ சற்று மேலாகவோ இருந்தால்தான் அது நடக்கும். தாழ்வான மூலையில் இடமிருக்கிறது என்று தொட்டியைக் கீழே வைப்பவர் இந்த உதவியை இழக்கிறார். இதற்கு மேலும் காப்பாக, நீர் 95 பாகையை ஒட்டியதும் தானே திறந்து, குளிர்நீரைக் கொதிகலனுக்குள் உள்ள சுருள்குழாயில் ஓடவிடும் வால்வு இருத்தல் வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. அடைபட்ட கலத்தில் நீர் ஆவியானால் இரும்பு தாங்காது.

நீர் சூடேறினால் பெருகும் என்பதும் இங்கே வெறும் பாடமன்று. 10 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏறும்போது நீரின் கனஅளவு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு கூடுகிறது. 1,500 லிட்டரில் 53 லிட்டர். அதற்கு இடங்கொடுக்க, நடுவே ரப்பர்ச் சவ்வு உள்ள விரிவுக்கலம் வேண்டும். சவ்வின் மறுபுறம் அமுங்கும் வாயுவுக்கும் இடம் வேண்டுமாதலால் கலம் அந்த 53 லிட்டரினும் பன்மடங்கு பெரிதாக இருக்கும். தொட்டியின் விலையைக் கேட்பவர் இதன் விலையையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

அழுத்தமின்றித் திறந்த தொட்டிகளும் உண்டு. மரச்சட்டத்துக்குள் ரப்பர்த் துணி விரித்து நீர் நிரப்பும் இவை மலிவானவை. நிலவறைக்குள்ளேயே கட்டிக்கொள்ளலாம், கதவுச் சிக்கல் இல்லை. ஆனால் அந்நீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டே இருப்பதால், அதை நேரே இரும்புக் குழாய்களில் ஓடவிட்டால் துருப்பிடிக்கும். செம்புச் சுருள்கள் வழியாகவே வெப்பத்தை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். ஒவ்வொரு சுருளிலும் சில பாகை இழப்பு. பாகைகளின் இடைவெளியே தொட்டியின் கொள்ளளவு என்று மேலே கண்டோம் அல்லவா? மலிவு அங்கே கரைகிறது. மூடிய தொட்டியிலோ, ஒருமுறை நிரப்பிய நீரே ஆண்டுக்கணக்கில் சுழல்வதால், அதிலுள்ள ஆக்சிஜன் சில நாளில் தீர்ந்துவிடுகிறது. உள்ளே பூச்சு இல்லாத இரும்பும் நெடுங்காலம் உழைக்கிறது.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சிலர், 500 காலன், அதாவது ஏறத்தாழ 1,900 லிட்டர் கொள்ளும் பழைய எரிவாயுத் தொட்டிகளை வாங்கி வெந்நீருக்குப் பயன்படுத்துகின்றனர். பெரிய அழுத்தத்துக்கென்று செய்தவையாதலால் உறுதியில் குறையில்லை. ஆனால் எச்சவாயு அறவே நீங்கும்படி நீரால் நிரப்பிக் கழுவாமல் அதில் வெட்டவோ பற்றவைக்கவோ தொடங்கினால் உயிருக்கே தீங்கு. படுக்கவைத்தால் அடுக்கும் நன்றாக அமையாது.

குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வேண்டிய வெந்நீரை இத்தொட்டியிலிருந்து நேரே எடுப்பதில்லை. குழாய்நீர் தொட்டிக்குள் உள்ள துருப்பிடிக்கா எஃகுச் சுருளில் ஓடியோ, வெளியிலுள்ள தகட்டுக் கருவியில் ஓடியோ அவ்வப்போது சூடாகும். குடிநீரை வெதுவெதுப்பாகத் தேக்கி வைப்பதில் ஓர் இடர் உண்டு. 1976ஆம் ஆண்டு பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர் பலர் கொடிய நுரையீரல் அழற்சியால் இறந்தனர். மறு ஆண்டு கண்டறியப்பட்ட அதன் நுண்ணுயிர், 20 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட நீரில் செழித்துப் பெருகுவது. தேக்கி வைப்பதாயின் 60 பாகையில் வைக்கவேண்டும் என்பதும், தேக்காமல் ஓட்டத்திலேயே சூடேற்றுவது அதனினும் நன்று என்பதும் அதன்பின் பரவிய வழக்கங்கள்.

தொட்டியின் போர்வையைப் பற்றிச் சிறிது. பத்து சென்டிமீட்டர்த் தடிப்புள்ள நல்ல போர்வை இருந்தால், 1,500 லிட்டர்த் தொட்டி நாளொன்றுக்கு இழப்பது கணக்குப்படி ஏறத்தாழ 3 கிலோவாட் மணி. ஆனால் குழாய் இணையும் இடங்களை வெறுமனே விட்டால் இழப்பு மிகும். மேலே இணையும் குழாய் தொட்டியைவிட்டு நேரே மேலெழுந்தால், அதற்குள்ளேயே நீர் சுழன்று வெப்பத்தை இறைக்கும். முதலில் கீழ்நோக்கி வளைத்து, பிறகு கொண்டுசெல்வது நல்ல குழாய்த் தொழிலாளியின் கைவண்ணம்.

தொட்டியில் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் வெப்பமானி பொருத்த வாய்கள் இருக்கின்றனவா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளவேண்டும். ஒன்று மட்டும் மேலே இருந்தால் அது எப்போதும் 80 என்று காட்டிக் கொண்டிருந்து, திடீரென்று ஒரு மணி நேரத்தில் 50க்கு இறங்கும். மூன்றும் இருந்தால், மாலையில் நிலவறைக்கு இறங்கும் வீட்டுக்காரர் ஒரு பார்வையில் அறிவார்: நடுவெப்பமானி இன்னும் 80 காட்டினால் இன்று தீ வேண்டாம், அன்றி அரை அறை விறகே போதும், நடுவும் 50க்கு இறங்கிவிட்டால் அறையை நிரப்பித் தீமூட்டலாம்.